‘பிறகு’ என்று பெயர் வைத்த கோப்புறை

ஹெட்போனின் இடது காதுப் பஞ்சில் இன்னும் உன் அத்தர் மணக்கிறது.

இன்று காலை அக்கரைப்பற்றுக்குப் போவதற்காகப் பை அடுக்கிக்கொண்டிருந்தேன். லெப்டொப், சார்ஜர், நீட்டு வயர், கடைசியாக ஹெட்போன். தூசு போகட்டும் என்று முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து ஊதினேன், அந்த மணம் மூக்கில் ஏறியது. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அத்தர் பூசுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். நீ டியூட்டிக்கும் பூசிக்கொண்டு போகிறவன். “டெட்டோல் மணத்தோட ஊட்ட போனா புள்ள கிட்ட வராதுடா” என்பாய். அந்தப் பஞ்சின் தோல் உரிந்து, போடும்போதெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் காதில் ஒட்டுகிறது. புதிது வாங்கும்படி என் மனைவி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இரண்டு தடவையும் ஏதோ சாட்டுச் சொல்லித் தப்பித்தேன்.

போய் வந்துவிட்டேன். அங்கே நடந்ததை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். நீ இல்லை என்பது தெரியும். ஆனாலும் வேறு யாருக்குச் சொன்னாலும் முதலிலிருந்து விளங்கப்படுத்த வேண்டியிருக்கும், உனக்கென்றால் பாதி சொன்னாலே போதும் என்று பேனாவை எடுத்தேன். எழுதத் தொடங்கினால் உனக்கும் முதலிலிருந்துதான் வருகிறது.

கொழும்புக் கொம்பனி வேலையை லெப்டொப்போடு தூக்கிக்கொண்டு நான் கல்முனைக்குத் திரும்பிவந்த நாட்கள் அவை. பதினைந்து வருடமாக நாம் கண்டால் சலாம் சொல்லிக்கொள்வதோடு சரி. ஓ.எல். பரீட்சை வரை ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் என்பது இரண்டு பேருக்கும் மறந்தே போயிருந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து தாதியின் வெள்ளைச் சட்டையோடு நீ வந்தாய், உன் போன் பழுது, நான் கம்பியூட்டர்காரன் என்பதால் போனும் திருத்துவேன் என்ற நம்பிக்கையில். நான் அப்போது முச்சக்கர வண்டி ஓட்டிப் பழம் பொறுக்கும் ஒரு கம்பியூட்டர் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தேன். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாய்.

“இதுக்கு முன்னால ஆக்கள் எவ்வளவு நேரம் குந்தி இரிக்காங்க?”

“சில பேர் மூணு மணித்தியாலம்.”

“மூணு மணித்தியாலம்! எங்கட புதுப் புள்ளைகள் ஈசிஜி படிக்கப் பத்து நிமிசம் குந்த மாட்டாங்க. உண்ட சூனியத்த எங்களுக்கும் ஒள்ளுப்பம் தாவன்டா.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. போனை மேசையில் மறந்து வைத்துவிட்டு, அந்த மனிதரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய்.

நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பகல் நேரம், வெளிநோயாளர் பகுதியில் சனம். வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு வயல்காரர் தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தார். மேல்வயிறு பொருமுது, கேஸ் என்றார். நீ நம்பர்த் துண்டு கொடுத்து வாங்கில் இருத்தினாய். பக்கத்தில் இருந்த யாரோ இரக்கப்பட்டு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்கள். உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே அந்த வாங்கில் சரிந்து, அங்கேயே மௌத்தாகிவிட்டார். மாரடைப்பு.

“நெஞ்சில கை வெச்சிருந்தா நான் பாத்திருப்பன்டா,” என்றாய். “அவரு வெக்கல்ல. கை ரெண்டும் சோடாப் போத்தல்ல.”

அந்த வருடத்திலிருந்து நீ எந்த நோயாளியின் வாயிலிருந்து ‘கேஸ்’ என்ற சொல் வந்தாலும் விடமாட்டாய் என்று உன்னோடு வேலை செய்தவர்கள் பிறகு எனக்குச் சொன்னார்கள். மற்றவர்களையும் அப்படிப் பழக்கவேண்டும் என்பதுதான் உன் ஆசை. பயிற்சிக்கு இருந்ததோ ஒரு றப்பர் பொம்மை. நெஞ்சை அமுக்கப் பழகலாம், ஊசி போடப் பழகலாம். “ஆனா பொம்மை பொய் செல்லாது மச்சான். நோயாளி செல்லுவான். வேணுமெண்டு இல்ல, அவனுக்கே தெரியாம செல்லுவான். பொய் செல்ற ஒரு பொம்மைய நீ செஞ்சி தா.”

இவ்வளவு தெளிவாக என்னிடம் யாரும் ஒரு விளையாட்டைக் கேட்டதில்லை. கொம்பனி வேலையை விட்டு மீந்த நேரமெல்லாம் இதற்குத்தான் போனது. நீ டியூட்டி மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டுக்கொண்டு குந்துவாய். நோயாளி ஒருவர் உள்ளே வருவார், விளையாடுகிறவர் தாதி. என்ன கேட்பது, எதை முதலில் செய்வது, எப்போது டொக்டரைக் கூப்பிடுவது எல்லாம் அவர் தெரிவு. கேள்வி கேட்டால் கடிகாரம் ஓடும், கேட்காவிட்டாலும் ஓடும். உனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் மருத்துவப் பக்கத்தைப் பார்த்துத் திருத்தித் தந்தார். நோயாளிக்கு நாம் பெயர் வைக்கவில்லை. நீ அவரை, அண்ணன் என்ற முறையில், ‘வயல்காரக் காக்கா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாய்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

என் தொழிலில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. விளையாடுகிறவருக்கு அடையாளம் காட்ட வேண்டும். கதவு திறக்கும் என்றால் அது கொஞ்சம் மினுங்க வேண்டும், எதிரி வருகிறான் என்றால் சத்தம் முந்தி வர வேண்டும். தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று அவருக்கு விளங்க வேண்டும். பழம் பொறுக்கும் விளையாட்டில் இது நல்ல சட்டம்தான். அதே கையோடு வயல்காரக் காக்காவையும் செய்தேன். இடது கையைத் தூக்கி நெஞ்சில் வைக்கச் செய்தேன். நெற்றியில் புளியங்கொட்டை அளவில் வியர்வைத் துளிகள். திரையின் ஓரமெல்லாம் சிவந்து சிவந்து மறையும். பின்னால் இதயம் அடிக்கும் சத்தம், நேரம் போகப் போக வேகமாக. அந்தச் சத்தத்துக்காக மட்டும் இரண்டு நாள் மினக்கெட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

உன் வார்ட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை வைத்து முதல் பரீட்சை பார்த்தோம். எல்லோரும் முழுப் புள்ளி. கைதட்டினார்கள், ஒரு பிள்ளை இன்னுமொரு தடவை விளையாடக் கேட்டது. நான் வாயெல்லாம் பல்லாக உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கதவுநிலையில் சாய்ந்துகொண்டு நகம் கடித்துக்கொண்டிருந்தாய்.

“எல்லாரும் பாஸெண்டா அது சோதினை இல்லடா, கலியாண ஊடு,” என்றாய் வெளியே வந்ததும். “இந்த மனிசன நான் எங்கயும் காணல்ல. இவரு படத்தில நடிக்கிறாரு. எங்கட ஆக்கள் நெஞ்சப் பொத்திக்கிட்டு வரமாட்டாங்க. வெக்கப்படுவாங்க. கேஸெண்டு செல்லுவாங்க, சோடா கேப்பாங்க. அந்தச் சிவப்பு, அந்தச் சத்தம் எல்லாத்தையும் எடு.”

“எடுத்தா அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? அடையாளம் இல்லாட்டி எரிச்சல்பட்டு மூடிட்டுப் போயிருவாங்க.”

“நோயாளிய மூடிட்டுப் போக ஏலுமா?”

பதில் இல்லாதபோது என் கொம்பனியில் எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன்: “அடுத்த பதிப்பில பாப்பம்.”

நீ அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு வந்து, அந்த வயல்காரர் என்னோடு கதைத்ததெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன், நானே பேசித் தருகிறேன், பதிவு செய் என்றாய். பதினான்கு வரிகள். இத்தனை வருடம் கழித்தும் அந்த மனிதரின் ஒரு சொல்லைக்கூட நீ மறந்திருக்கவில்லை. ஹெட்போனை உன் தலையில் மாட்டி, காற்றாடிச் சத்தம் விழாமல் அதை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, பதிவுப் பொத்தானை அமத்தினேன். அந்நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. நீ பேசு என்று சைகை காட்டிவிட்டு வெளியே போனேன். திரும்பி வரும்போது நீ முடித்துவிட்டு, சட்டை முதுகோடு ஒட்ட, வியர்த்துக் கொட்டிக்கொண்டு இருந்தாய்.

நான் அதைக் கேட்கவில்லை. ஒரு கோப்புறை திறந்தேன், ‘பிறகு’ என்று பெயர் வைத்தேன், பதினான்கையும் உள்ளே போட்டேன். அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழித்துக் கேட்டாய்: “கேட்டியாடா?”

“கேட்டன். நல்லாரிக்கி.”

“நாலாவது சரியா வந்திரிக்கா? அதுல அவரு ஒள்ளுப்பம் சிரிச்சிக்கிட்டுச் சொன்னாரு.”

“ஓம், சரியா வந்திரிக்கி.”

பொய் சொன்னேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கேட்டால் உன்னுடைய பக்கம் நியாயம் இருப்பது தெரிந்துவிடும், பிறகு எல்லாவற்றையும் உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். அந்த அலுப்புக்காக உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். நீ நம்பினாய். என்னை நீ எப்போதுமே கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறாய். நோயாளியிடம் மட்டும்தான் உனக்குச் சந்தேகம்.

நோன்பு வந்தது. பெருநாள் கழித்து ஆஸ்பத்திரி மேலிடத்துக்கு இதைக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. கடைசியாக ஒரு தடவை நீ முழுதாக விளையாடிப் பார்த்து, பிழை இருந்தால் சொல்ல வேண்டும் என்று நோன்பு திறக்க வீட்டுக்கு வரச் சொன்னேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்தாய். காலை டியூட்டி முடிந்து நேரே வெயிலுக்குள்ளால் வந்திருக்கிறாய். முகம் வாடித்தான் இருந்தது. நோன்பு இருபது கடந்தால் யாருடைய முகம் வாடாமல் இருக்கும்? “பல்லு ஒரு பக்கம் குத்துது,” என்று தாடையைத் தடவினாய். கடைவாயில் சொத்தை விழுந்த பல் ஒன்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே தொல்லை. நான் அந்தப் பல்லைத்தான் நினைத்தேன்.

பாங்கு சொன்னது. பேரீத்தம் பழம், தண்ணீர், கஞ்சி. வழமையாக ஐந்து சமோசாவுக்குக் குறையாமல் தின்கிறவன் நீ. அன்று ஒன்றைக் கடித்துப் பாதியைத் தட்டில் வைத்தாய். கறி காரம் கூடிப்போச்சோ என்று என் மனைவி திரை மறைவில் நின்று கேட்டாள். “இல்ல மச்சி, நல்லாரிக்கி” என்று அவளுக்குப் பதில் சொன்னாய். மஃரிப் தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தாய். கையை மேல்வயிற்றில் வைத்துக்கொண்டாய். நெஞ்சில் இல்லை. நான் உன்னைப் பார்த்தேன். நீ ஒரு மாதிரி வெட்கப்பட்டவன் போலச் சிரித்தாய்.

“ஒண்டுமில்லடா, கேஸ். ஒள்ளுப்பம் இஞ்சி போட்டு பிளேன்டீ தரச் செல்லு, சரியாகிடும்.”

நோன்பு மாதத்தில் எங்கள் ஊரில் இந்த வசனத்தைச் சொல்லாத ஆம்பிளை இல்லை. பகலெல்லாம் காய்ந்த வயிற்றில் கஞ்சியும் பொரியலும் விழுந்தால் எல்லோருக்கும் கேஸ்தான். பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பார்த்தால் ஏப்பம் விட்டபடிதான் சனம் வரும். “கஞ்சிய ஆறவெச்சிக் குடிக்காம அள்ளி ஊத்தினா கேஸ்தான் வரும்,” என்று நக்கலடித்தேன். பிளேன்டீ வந்தது. குடித்தாய். “இப்ப பரவால்ல” என்றாய்.

பிறகு நான் லெப்டொப்பை உன் முன்னால் தள்ளினேன். ஹெட்போனை நானே உன் காதில் மாட்டினேன்.

திரையில் வயல்காரக் காக்கா நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றார். ஓரமெல்லாம் சிவந்தது. நீ ஒவ்வொன்றாக அமத்திக்கொண்டு போனாய். நான் உன் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நேரம் நீ தொப்பியைக் கழற்றி அதாலேயே நெற்றியைத் துடைத்தாய். எழும்பிப் போய்க் காற்றாடியை ஐந்தில் போட்டேன். நான் உனக்குச் செய்த சிகிச்சை அது ஒன்றுதான்.

முழுப் புள்ளி எடுத்தாய். “பாத்தியா, எவ்வளவு சுத்தமா ஓடுது?” என்றேன். ஓம் என்று தலையாட்டினாய்.

“தராவீஹ் தொழ வரல்லடா. ஊட்ட போய் ஒள்ளுப்பம் சாயிறன்.”

வாசலில் உன் மோட்டார் சைக்கிள் உதைக்கு எடுபடவில்லை. இரண்டு தடவை உதைத்துவிட்டு நின்று மூச்சு வாங்கினாய். நான் உன்னை இறங்கச் சொல்லி, நானே உதைத்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தேன். நீ கையைக் காட்டிவிட்டுப் போனாய்.

சாய்ந்தமருதில் நீ குடியிருந்த உன் மனைவி வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைப் பக்குவமாக ஸ்டாண்டில் போட்டிருக்கிறாய். சாவியையும் எடுத்திருக்கிறாய். படியில் இருந்திருக்கிறாய். இஷாவுக்குப் பாங்கு சொல்லும்போது உன் மூத்த மகள் வந்து பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் உன்னை இறக்கி எடுத்தவர்கள் எல்லாம் உன்னோடு வேலை செய்தவர்கள். ஒரு மணித்தியாலம் விடாமல் பார்த்தார்களாம். எனக்குச் செய்தி வரும்போது நான் பள்ளிவாசலில் உளூ செய்துகொண்டிருந்தேன். நனைந்த கையோடு போனை எடுத்தேன்.

மறுநாள் காலையில் ஜனாஸா. மண் போட்ட கையைக் கழுவும்போது பக்கத்தில் நின்ற உன் வார்ட்டுக்காரர் ஒருவர் அழுதபடி, “எத்தின பேரிட கேஸ அந்த மனிசன் புடிச்சாரு, அவருட கேஸப் புடிக்க ஒராளும் பக்கத்தில இல்லாமப் போச்சே” என்றார். பக்கத்தில் ஆள் இருந்தது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அவரிடம் மட்டுமில்லை, என் மனைவியைத் தவிர வேறு ஒருவரிடமும் நெடுநாளாகச் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்துத்தான் லெப்டொப்பைத் திறந்தேன். மேலிடத்துக்குக் காட்டும் நாள் தானாகவே தள்ளிப்போயிருந்தது. ‘பிறகு’ கோப்புறையைத் திறந்து, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்று, வணக்கம் சொல்வது போல, “தம்பி, துண்டு எடுக்கிறது எவடத்தில?” இரண்டு, மூன்று. நான்காவது வந்தது.

“ஒண்டுமில்ல தம்பி, கேஸ். ஒள்ளுப்பம் சோடா குடிச்சா சரியாகிடும்.”

சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய். அதே சிரிப்பு, வெட்கப்பட்ட சிரிப்பு. சோடாவுக்குப் பதிலாக எனக்குச் சொன்னது இஞ்சி பிளேன்டீ, அவ்வளவுதான் வித்தியாசம். ஆறாவது வரியில் பல் குத்துவது வந்தது. ஒன்பதாவதில், இப்போது பரவாயில்லை.

அதை ஒரே ஒரு தடவை முன்பே கேட்டிருந்தால், அன்று என் கதிரையில் நீ அதைச் சொன்ன நேரம் எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், சிலிர்த்திருக்கும். அந்தக் குரலை அடையாளம் கண்டிருப்பேன். ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். உனக்குத் தெரியாதது, நான் கேட்டேன் என்று சொன்னது பொய் என்பது மட்டும்தான்.

இன்னொன்றும் பார்த்தேன். விளையாடுகிறவர் எங்கே அமத்தினார், எங்கே தயங்கினார் என்பதெல்லாம் அதில் பதிவாகும், நானே வைத்த ஏற்பாடுதான். உன் கடைசி விளையாட்டில் எல்லாம் மளமளவென்று போயிருக்கிறது, ஒரு இடத்தைத் தவிர. ‘வலி தாடைக்கோ தோளுக்கோ பரவுகிறதா?’ என்ற கேள்வியில் நான்கு நிமிடம் நின்றிருக்கிறாய். நான்கு நிமிடமும் நான் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன். என்ன நினைத்தாய்? உனக்கு விளங்கிவிட்டதா? விளங்கியும், நோன்பு நாளில் என் வீட்டில் கலவரம் உண்டாக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தாயா? அல்லது பல்லைத்தான் நினைத்தாயா? நான் எத்தனை தரம் அந்த வரியைப் பார்த்தாலும் அதில் நேரம் மட்டும்தான் இருக்கிறது.

உன் குரலை விளையாட்டில் சேர்க்க வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன். ஆனால் அது உன் மனைவியின் சம்மதம் இல்லாமல் செய்கிற காரியமில்லை. அவ இத்தாத் தனிமையில் இருந்தா. நான்கு மாதமும் பத்து நாளும் நான் அந்த வீட்டுப் பக்கம் போய்க் கதைக்க முடியாது. ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாம். மனம் வரவில்லை, இதை நானே சொல்ல வேண்டும், என் பொய்யையும் சேர்த்து. காத்திருந்தேன். வேலையைத் தள்ளிப்போடுவதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தும் அந்த நாட்களைக் கழிப்பது கஷ்டமாக இருந்தது.

இத்தா முடிந்து நானும் மனைவியும் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று என் வீட்டில் நடந்ததை, பிளேன்டீயை, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கொடுத்ததை. உன் மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. திட்டுவா என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“அவர் காலையில ஸஹர் சாப்பிடக்குள்ளயும் பல்லு குத்துதெண்டுதான் சென்னார் காக்கா,” என்றா. “நான் கராம்பு குடுத்தன்.”

என் மனைவி அவவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“குரலப் போடுங்க,” என்றா கடைசியில். “போட்டா, புள்ளைகள் அவரக் கேஸெண்டு ஊட்டதான் அனுப்புவாங்க, என?”

“கூடுதலான ஆக்கள் அனுப்புவாங்க தங்கச்சி. மொதல்ல.”

“அனுப்பாத ஒராள் வந்தா எனக்குச் செல்லுங்க.”

வந்து எல்லாவற்றையும் உடைத்தேன். சிவப்பை எடுத்தேன். இரண்டு நாள் மினக்கெட்டுச் செய்த இதயச் சத்தத்தை எடுத்தேன். வியர்வையைச் சின்னதாக்கி, கேட்டால் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். நெஞ்சில் இருந்த கையை இறக்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இறக்கிய பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டு கையிலும் ஒரு சோடாப் போத்தலைக் கொடுத்தேன். நீ முதல் நாளே சொன்னதுதான்.

மேலிடம் சம்மதித்துத் தாதிப் பிள்ளைகளுக்கு நடந்த முதல் இரண்டு வகுப்பிலும் உன்னை எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், வாங்கில் இருத்தினார்கள், ஒருவர் மிகவும் அன்பாகக் கதைத்து அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் திரை வெறுமையாகி, வாங்கும் பாதிச் சோடாவும் மட்டும் மிஞ்சும். கோபித்துக்கொண்டு எழும்பிப் போனவர்களும் உண்டு. “சேர், இது நியாயமில்ல, ஒரு அடையாளமும் தரல்லயே” என்று ஒரு பையன் என்னோடு தர்க்கம் பண்ணினான். நான் உன்னோடு பண்ணிய அதே தர்க்கம், சொல்லுக்குச் சொல். அவனுக்கு முன்னால் நின்று நான் என்ன முகத்தோடு பதில் சொன்னேன் என்று நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இன்று அக்கரைப்பற்று வகுப்பில், பாண்டிருப்புப் பிள்ளை ஒருத்தி. மெலிந்த பிள்ளை, தகப்பன் மீன்பிடி. வகுப்பில் வாயே திறக்காதவளாம். உன் நான்காவது வரி வந்ததும் ஹெட்போனை ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, திரையில் இருக்கும் மனிதர் உண்மையிலேயே முன்னால் நிற்பதுபோலச் சத்தமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

“சோடா பிறகு குடிக்கலாம் ஐயா. முதல்ல இதில படுங்க.”

கேள்வியை அமத்தினாள். தாடை வலியைக் கேட்டாள். பல் குத்துகிறது என்று நீ சொன்னாய். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, ஈசிஜி எடுத்தாள், டொக்டரைக் கூப்பிட்டாள். பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் எழும்பி வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். எப்படி உனக்குத் தெரிந்தது என்று அவளிடம் கேட்டேன்.

“எங்கட அப்பாவும் இப்பிடித்தான் சேர். கடலால வந்து என்ன வலியெண்டாலும் வாய்வு எண்டுதான் சொல்லுவார். ஒருநாளும் நம்ப ஏலாது.”

அப்போதுதான் பதினான்காவது வரி, அந்த மனிதர் சொல்ல வாய்க்காமல் நீயாகச் சேர்த்தது, முதன்முறையாக ஓடியது. முந்திய இரண்டு வகுப்பிலும் அந்த இடத்துக்கு ஒருவரும் வந்து சேரவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றி மற்றப் பிள்ளைகளும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினாள். உன் குரல் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது: “சரி புள்ள, நீங்க செல்ற மாதிரியே செய்ங்க. சோடாவ மட்டும் அங்கால வைங்க, ஆரும் குடிச்சிடாம.” பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வெளியே வந்து மதிலோரம் நின்றேன்.

அங்கே நின்றுகொண்டே உன் வீட்டுக்கு அழைத்தேன்.

“தங்கச்சி, ஒராள் அனுப்பல்ல.”

அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுவது கேட்டது.

“சோடா கேட்டாரா?”

“கேட்டான்.”

“குடுக்கல்லயே?”

“குடுக்கல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றா. பிறகு, “அந்தப் புள்ளைட பேரச் செல்லுங்க, நான் துஆ கேக்கணும்” என்றா. பெயரைச் சொன்னேன். இந்துப் பிள்ளை என்றும் சொன்னேன். அதனாலென்ன என்று கேட்டா.

பதினான்காவது பதிவின் முடிவில் ஒரு மிச்சம் இருந்தது. வரியைச் சொல்லி முடித்த பிறகு பதிவை நிறுத்த உனக்குத் தெரியவில்லை. கதிரை கிறீச்சிடுகிறது, தாள் மடிபடுகிறது, வெளியே நான் போனில் கதைப்பது தூரத்தில் கேட்கிறது. பிறகு நீ வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிடுகிறாய்: “டேய், முடிஞ்சிடா. சரியா எண்டு கேட்டுப் பாரு. பிழையெண்டா செல்லு, மறுகா ஒருக்கா செல்றன்.”

விளையாட்டுக்கு அது தேவையில்லை என்று வெட்டி எடுத்தேன். எடுத்ததை எறியவில்லை, என் போனில் வைத்திருக்கிறேன். நோன்பு திறக்க யார் வீட்டுக்கு வந்தாலும், யாராவது வயிற்றைத் தடவினாலும், கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தாடை வலிக்கிறதா என்று கேட்கிறவனாக நான் ஆகிவிடுவேன். இனி ஊரே என்னைப் பகிடி பண்ணும், பண்ணட்டும். பஸ்ஸில் வரும்போது அந்தப் பதிவைக் காதில் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன், காரைதீவு தாண்டும்வரை திரும்பத் திரும்ப.

பிழை இல்லடா. முதல் தடவையே நீ சரியாகத்தான் சொல்லியிருந்தாய். நான்தான் கேட்கவில்லை.